இளைத்தவளுக்கு ஒரு சவப்பெட்டி

சனிக்கிழமை மத்தியானம் துமேக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஜெபப் பாட்டுக் கேட்டது. யார் வீட்டில் சாவோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாதாமாதம் பணம் சேர்த்துச் சாவுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் சாவுச் சங்கத்துப் பெண்கள் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தோளில் ஊதாத் துண்டுமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சங்கத் தலைவி மாம்பிங்கா, கையில் பெரிய சூப் பானையோடு. அந்த வரிசை எதிர்வீட்டைத் தாண்டியது, பக்கத்து வீட்டைத் தாண்டியது, துமேக்காவின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது.

யாரும் சாகாத வீட்டுக்குச் சாவுச் சங்கம் பாடிக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று தென்னாப்பிரிக்காவின் ம்டான்ட்சானேயில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கத்தான் அப்படி வருவார்கள்.

"விளக்குமாத்தைக் கீழ போடு மகளே" என்றாள் மாம்பிங்கா. கேட்டிலிருந்து வாசல்படி வருவதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கியது. "நிக்காத, உக்காரு. உன்னால நிக்க முடியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"நான் வாசல் முழுக்கக் கூட்டிட்டேன். இன்னும் பின்பக்கம்தான் பாக்கி" என்றாள் துமேக்கா.

"பாவம், தைரியமாப் பேசறா" என்று பின்னாலிருந்து ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

உட்கார வைத்தே விட்டார்கள். அக்டோபர் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, இவர்கள் ஒரு கம்பளியை எடுத்து அவள் காலில் போர்த்துகிறார்கள்! துமேக்கா மரியாதைக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். ஒருத்தி வாயும் அதில் படவில்லை. அவள் வீட்டுக் கோப்பையில் நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"சங்கத்துல பேசி முடிச்சாச்சு, நீ எதுக்கும் கவலைப்படாத" என்றாள் மாம்பிங்கா. "கூடாரம், பாத்திரம், விருந்துக்கு மாடு எல்லாம் நம்ம பொறுப்பு. பழுப்புப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி. கடைக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன். சின்ன அளவே போதும்னுட்டேன்."

துமேக்கா கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள். "யாருக்குப் பெட்டி?"

"எல்லாருக்கும் ஒருநாள் வர்றதுதானே."

"அப்ப உனக்கு அளவெடுத்தாச்சா மாம்பிங்கா? பெரிய அளவுக்கு இப்பவே ஆர்டர் குடுத்தாத்தான் நேரத்துக்குக் கிடைக்கும்!"

மாம்பிங்கா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம். சாகிறவள் அப்படித்தான் பேசுவாள் என்று தலையை ஆட்டினாள். "அந்த நோய்க்குக் குடுக்கற மாத்திரையை மட்டும் விட்டுடாத. இந்தக் காலத்துல யாரும் யாரையும் ஒதுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, தொடாத கோப்பைகளைத் தாண்டி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

வரிசையில் கடைசியாக நின்றவள் புலெல்வா. துமேக்காவின் உயிர்த்தோழி, டாக்ஸி நிறுத்தத்தில் அவளோடு சேர்ந்து பலகாரக்கடை போடுகிறவள். ஊதாத் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் ஒரே மடக்கில் தேநீரைக் குடித்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான். துமேக்கா எதற்காக இளைத்தாள் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் முழுக்கத் தெரியும்.

குளிர்காலத்தில் நடந்தது அது. துமேக்காவின் பாதத்தில் ஒரு புண் வந்து ஆறவே மாட்டேன் என்றது. துணைக்குப் புலெல்வாவும் கிளினிக் போனாள். நர்ஸ் மடிகீசா ஒருத்தியைச் சோதித்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொருத்தியின் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். ரெண்டு பேருக்கும் சர்க்கரை, ரெண்டு பேருக்கும் பிரஷர். அதிலும் புலெல்வாவுக்கு இருந்த பிரஷரைப் பார்த்து நர்ஸ் இன்னொரு தரம் பட்டையைச் சுற்றினாள்.

"ரெண்டு பேரும் மாத்திரை போடணும். எடையையும் இறக்கணும்" என்றாள் நர்ஸ். "இல்லேன்னா துமேக்கா அம்மா, உங்க பாதம் போகும். புலெல்வா அம்மா, உங்களுக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிக்கும். நான் மிரட்டலை. கண்ணால பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெளியே வந்ததும் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள், பயத்தில்தான். பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். விடிந்தும் விடியாமலும் ரயில் பாலம் வரைக்கும் நடப்பது. கலர் சோடாவைத் தொடுவதில்லை. தாங்களே பொரிக்கிற க்வின்யாவை வாயில் போடுவதில்லை. க்வின்யா என்றால் புளித்த மாவை உருட்டி எண்ணெயில் பொரிப்பது, அது இல்லாமல் ம்டான்ட்சானேயில் பொழுது விடியாது. அதைப் பொரித்துக்கொண்டே தின்னாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பொரித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒருத்தி கை பாத்திரத்தின் பக்கம் போனால் இன்னொருத்தி கரண்டியால் அதில் ஒன்று போடுவாள். அப்படித்தான் அந்தக் குளிர்காலம் கழிந்தது.

புண் ஆறியது. மூச்சு வாங்குவது நின்றது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்திக்கொள்ளும்படி ஆயிற்று. புலெல்வாவும் கொஞ்சம் இறங்கினாள். பிரஷர் இறங்கியிருக்கிறதென்று நர்ஸ் கைதட்டினாள்.

ஆனால் ஊர் கைதட்டவில்லை. "என்ன துமேக்கா, ஒரு மாதிரி ஆயிட்ட?" என்று ஆரம்பித்தது. ஒருத்தி மெலிந்தால் அங்கே ஒரே ஒரு காரணம்தான். பேரைச் சொல்ல மாட்டார்கள். மூன்று விரலை மடக்கிக் காட்டுவார்கள், எச்.ஐ.வி. என்கிற மூணெழுத்து நோய். புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகிறதே, யாரோடு போனாளோ என்று அதற்கு வாலும் கட்டினார்கள். வாடிக்கைக்காரர்கள் கடைக்கு வந்து, "புலெல்வாக்கா, நீங்க எடுத்துக் குடுங்க" என்று துமேக்காவைத் தாண்டிக் கையை நீட்டினார்கள். அவள் பிசைந்த மாவு, அவள் பொரித்த எண்ணெய். ஆனால் அவள் கை மட்டும் ஆகாது. இது எந்த ஊர் நியாயம்?

நோய் இல்லை என்று கிளினிக்கில் எழுதி வாங்கிக் காட்டச் சொல்லி ஒருத்தி யோசனை சொன்னாள். "எதுக்குடி காட்டணும்?" என்று துமேக்கா சீறினாள். "அந்த நோய் இருந்தாத்தான் என்ன? மாத்திரை போட்டுக்கிட்டு எத்தனை பேரு பேரன் பேத்தி எடுத்திருக்காங்க. இருக்கறவங்களுக்கும் அவமானம் இல்ல, இல்லாத நான் எதுக்குச் சீட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியணும்?"

சாவுச் சங்கம் போன பிறகு சூப் பானை மட்டும் மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எலும்பும் கீரையும் பருப்பும் போட்ட நல்ல சூப். துமேக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணியால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராகப் புலெல்வாவின் வீட்டுக்குப் பின்னால் போனாள்.

அங்கே தகரக் கொட்டகை ஒன்றில் லுலாமா என்கிற பெண் வாடகைக்கு இருந்தாள். நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்தவள், வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் கேப்டவுன் பக்கம் போய்விட்டான். கழுத்தெலும்பும் கண்ணும்தான் அவள். அவளுக்கும் ஊர் மூன்று விரலை மடக்கியாயிற்று. குழாயடியில் அவள் வாளி வைத்த இடத்தில் வேறு யாரும் வாளி வைப்பதில்லை. போன மாதம் அங்கேயே மயங்கி விழுந்தபோது, தூக்கி கிளினிக்குக் கொண்டுபோனவள் துமேக்காதான்.

நர்ஸ் எல்லாச் சோதனையும் செய்துவிட்டுப் பேனாவை மேசையில் எறிந்தாள். "ஒரு நோயும் இல்ல. பசி. ரத்தம் அடியோட இல்ல. இந்த எடையில பிரசவம்னா தாயும் தாங்க மாட்டா, பிள்ளையும் கைக்குள்ள அடங்கற மாதிரிதான் பொறக்கும். பொறந்ததும் ஒரு சளிக் காய்ச்சல் வந்தாப் போதும், தாங்காது. நேத்து வந்த அம்மாவை எடை கூடி ரெண்டு பேராத் தூக்கிட்டு வந்தாங்க, இன்னைக்கு இவளை எடை கொறஞ்சு ஒரே ஆளாத் தூக்கிட்டு வர்றீங்க. கூடினாலும் சாவு, கொறஞ்சாலும் சாவு. ஆனா கண்ணால பாத்தே குண்டா இருக்கறவ நல்லா இருக்கா, ஒல்லியா இருக்கறவ போயிடுவான்னு முடிவு கட்டற ஊர்ல நான் யாருக்குன்னு வைத்தியம் பாக்கறது? இவளுக்குச் சோறு வேணும். சோத்துக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

அன்றிலிருந்து துமேக்கா தினம் ஒரு தட்டு கொண்டுபோனாள். இப்போது முழுப் பானை.

"என்னக்கா இவ்வளவு?" என்றாள் லுலாமா.

"எனக்குச் சாவுச் சூப் கொண்டாந்தாங்க. நான் சாகறதா இல்ல, நீ குடி."

லுலாமா சிரித்தாள். பிறகு குனிந்துகொண்டு, மூச்சுவிடாமல், கரண்டியைக் கீழே வைக்காமல் குடித்தாள். இருபது பெண்கள் சீருடை போட்டுப் பாடிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தார்களே, இந்தக் கொட்டகையைத் தாண்டித்தானே வந்தார்கள், ஒருத்திக்குக்கூடக் கண் தெரியவில்லையா? வேண்டாதவளுக்குப் பானை நிறைய, வேண்டியவளுக்கு ஒரு கரண்டி கிடையாது. துமேக்காவுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்த சத்தம்தான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை விடிகாலை ரயில் பாலத்துக்குப் புலெல்வா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. துமேக்கா தனியாக நடந்துவிட்டுக் கடைக்குப் போனபோது, புலெல்வா ஒரு க்வின்யாவைப் பிளந்து உள்ளே கொழுத்த இறைச்சித் துண்டை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கலர் சோடா.

"என்னடி இது?"

"பாத்தாத் தெரியல? காலைச் சாப்பாடு."

"விளையாடாத புலெல்வா. ஏன் நடக்க வரல?"

"இனிமே வர மாட்டேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் வீட்டுக்குப் பாடிக்கிட்டு வந்தாங்க பாரு, அன்னைக்கே என் நடை போச்சு. என் லிண்டெல்வாவுக்கு லோபோலா பேச, எத்தனை மாடு பரிசம்னு முடிவு பண்ண, டிசம்பர்ல வர்றாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பன் சித்தப்பன் எல்லாம் வருவாங்க. அம்மாக்காரி வத்தலும் தொத்தலுமா தேநீர்த் தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா என்ன நினைப்பாங்க? வீட்டுலயே நோய் இருக்குன்னு குடுக்க வந்த மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு துமே."

"மாத்திரையாவது போடறியா?"

"இந்த பிரஷர் மாத்திரைதான் உடம்பை உருக்குதுன்னு மாம்பிங்கா சொல்றா. டிசம்பர் கழியட்டும். பேச்சு முடிஞ்ச மறுநாள் உன்கூட ரயில் பாலம் என்ன, கடல் வரைக்கும் நடக்கறேன்."

"டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கன்னு உன் பிரஷர்கிட்ட யாரு சொல்லி வெச்சிருக்கா? மாம்பிங்காவா? அவ நர்ஸா, டாக்டரா? கூடாரம் வாடகைக்கு விடறவ!"

"கத்தாத, ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

புலெல்வா பாதித் தின்றதைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "உனக்கு நாக்கு இருக்கு துமே, யாருக்குப் பெட்டின்னு கேட்ட. எனக்கு அந்த நாக்கு இல்ல. அவங்க என் வீட்டு வாசல்ல வந்து பாடினா நான் அங்கேயே செத்துடுவேன்."

துமேக்கா வேறு வழி பார்த்தாள். கிளினிக்கிலிருந்து புலெல்வாவின் மாத்திரையையும் தானே வாங்கி வந்தாள். தினம் காலையில் மாவு பிசைவதற்கு முன்னால் கையில் கொடுத்து, "என் கண்ணு முன்னால போடு" என்று நிற்பாள். புலெல்வா அதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவாள். "திருப்தியா போலீஸ்காரம்மா?" என்பாள். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். வாரத்துக்கு வாரம் அவள் கன்னம் உப்பியது, கணுக்கால் வீங்கியது. "புலெல்வாக்கா, இப்பத்தான் பழைய அழகு திரும்பியிருக்கு!" என்று வாடிக்கைக்காரர்கள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்கள்.

டிசம்பர் வந்தது. லோபோலா பேசுகிற நாளில் புலெல்வா வீட்டில் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் விடிந்ததுமே கேட்டுக்கு வெளியே வந்து நின்று குரல் கொடுத்தார்கள். வழக்கப்படி உள்ளே விடாமல் கொஞ்ச நேரம் வெயிலில் காயவிட்டு, பிறகு கூடத்தில் உட்கார வைத்தார்கள். பேசுவது புலெல்வாவின் அண்ணன் சிபாபாலோவும் மற்ற ஆண்களும். அந்தக் கூடத்துக்குள் தேநீர்த் தட்டோடு அல்லாமல் பெண்கள் நுழையக்கூடாது.

துமேக்கா முன்பக்கம் வந்தபோது மாம்பிங்கா குறுக்கே கையை நீட்டினாள். "நீ பின்னாடி அடுப்பைப் பாத்துக்க மகளே. அவங்க கிளம்பற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

"ஏன், என் முகத்துல என்ன?"

மாம்பிங்கா பதில் சொல்லாமல் புலெல்வாவைப் பார்த்தாள். புதிதாகத் தைத்த நீல ஷ்வேஷ்வே அச்சுத்துணி உடையில் புலெல்வா வாசற்கால் நிறைய நின்றாள். "இன்னைக்கு ஒருநாள் மட்டும் துமே" என்றாள், கெஞ்சுகிற மாதிரி. "கோச்சுக்காத."

வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் துமேக்கா பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். சொன்னவள் புலெல்வா. வாயை மூடிக்கொண்டு பின்னால் போய் இறைச்சியைக் கிண்டினாள். கண் எரிந்தது, புகை என்று சொல்லிக்கொண்டாள்.

கூடத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. புலெல்வா தட்டோடு போய் மண்டியிட்டபோது, "இது ஆரோக்கியமான வீடு, பாத்தாலே தெரியுது" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சத்தமாகச் சொன்னது அடுப்படிவரை கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் புலெல்வா அடுப்படிக்கு வந்தாள். இஞ்சிப் பானத்தை மொண்டு குடித்தாள், மறுபடியும் மொண்டாள். கோப்பை கையிலிருந்து நழுவியது.

"துமே, தலை..." என்றாள். அடுத்த வார்த்தை குழறிப் போயிற்று. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கிவிட்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள்.

துமேக்கா அவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். "கார்! யாராவது காரைக் கூப்பிடுங்க!"

"கத்தாத!" மாம்பிங்கா கதவைச் சாத்தினாள். "வெயில்ல நின்ன மயக்கம். முகத்துல தண்ணி தெளி. அவங்க இன்னும் கை குலுக்கல. இப்பப் போய் ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னா பொண்ணு வாழ்க்கை என்ன ஆகறது? சாப்பிட்டுட்டுக் கிளம்பட்டும், அப்புறம் பாக்கலாம்."

"வாய் கோணிப் போச்சு, மயக்கம்கிறியா?"

"கொஞ்ச நேரம்தானே!"

துமேக்கா அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். மாவுக் கையும் கரிபிடித்த மேலாடையுமாக, கூடத்துக் கதவை உதைத்துத் திறந்தாள். உள்ளே இருந்த ஆண்கள் பேயைப் பார்த்தது போல வாயைப் பிளந்தார்கள்.

"வாசல்ல நிக்கற கார் யாரோடது? சாவியை எடுங்க!"

"யாரம்மா நீ? இது ஆம்பளைங்க பேசற..."

"பேச்சு கெடக்குது! உங்க சம்பந்தி உள்ள செத்துக்கிட்டிருக்கா. எழுந்திரிங்கய்யா!"

எழுந்தவர் அந்தப் பெரியப்பாதான். அவரே ஒரு பக்கம் தூக்கினார். காரில் போகும் வழியெல்லாம் புலெல்வாவின் ஒரு கை மட்டும் துமேக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. மறுநாள் சூரியன் உதிப்பதற்கு முன் அவள் போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது, நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் தேறியிருப்பாளா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாளா என்று மட்டும் கேட்டார். "தினமும் போட்டாளே, என் கண்ணு முன்னாலயே போட்டாளே" என்றாள் துமேக்கா.

சாவு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "நல்லா இருந்த உடம்பு, கல்லு மாதிரி இருந்தாளே, இது சும்மா வந்த சாவு இல்ல." யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். பொண்ணுக்கு நல்ல இடம் அமைந்ததில் யாருக்கோ பொறாமையாம். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் துமேக்காவைப் பார்த்தார்கள். தன் நோயைத் தோழி மேல் இறக்கிவிட்டாள் என்றுகூட ஒருத்தி முணுமுணுத்தாள். துமேக்கா எழுந்து கடைக்குப் போனாள். அங்கே மாட்டியிருந்த புலெல்வாவின் மேலாடையைத் துவைக்க எடுத்தபோது, பையில் இருந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். ஓரம் கரைந்து, மாவு ஒட்டி, மாத்திரைகள். நாக்கடியில் வைத்திருந்து, சிரித்துவிட்டுத் திரும்பிப் பைக்குள் துப்பியிருக்கிறாள். தினமும்.

அடக்கத்தன்று வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். சாவுச் சங்கத்துப் பெண்கள் முன்வரிசையில் ஊதாத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி பெரியது. அதைக் கொண்டுவர எட்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள், அதையும் யாரோ பெருமையாகத்தான் சொன்னார்கள். பாதிரியார் பேசினார், பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். பிறகு நோயைப் பற்றிச் சொல்கிற முறை வந்தது. கடைசியில் கூட இருந்தவர் எழுந்து, எப்படி நோய் வந்தது, எப்படி உயிர் போனது என்று கூடியிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது துமேக்காவின் பொறுப்பு. முந்தின நாளே சிபாபாலோ அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "திடீர்னு வந்த சின்ன நோய்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடு தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வர்றாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துமேக்கா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொளதொளத்த கறுப்புப் பாவாடை, இடுப்பில் ஊக்கு.

"என்னைச் சின்ன நோய்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். "சின்ன நோய் இல்ல. குளிர்காலத்துலயே நர்ஸ் சொன்னது. சர்க்கரை, பிரஷர். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நடந்தோம், ஒண்ணா எளைச்சோம். எனக்கு நீங்க பெட்டி பாத்தீங்க. அதைப் பாத்துப் பயந்து இவ..."

முன்வரிசையில் மாம்பிங்கா பாட்டை எடுத்தாள்.

அந்த ஊரில் அது ஒரு வழக்கம். பேசுகிறவர் பேசக்கூடாததைப் பேசினால், யாராவது ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள், கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொள்ளும். பேசுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார வேண்டும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, பாட்டே வாயை அடைத்துவிடும். ஊதாத் துண்டுகள் எல்லாம் எழுந்து நின்று பாடின. கூடாரமே அதிர்ந்தது.

துமேக்கா போய் உட்காரவில்லை. பாட்டு முடிந்தது. "இவ பயந்து..." என்று அவள் வாயைத் திறந்ததும் இரண்டாவது பாட்டு. அதற்கும் நின்றாள். மூன்றாவது பாட்டில் மாம்பிங்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். பாட்டு இழுபட்டு, தேய்ந்து, நின்றது.

"பாடுங்க" என்றாள் துமேக்கா. "இன்னும் எத்தனை பாட்டு வேணும்னாலும் பாடுங்க. நான் நிப்பேன். எனக்கு நிக்கத் தெம்பு இருக்கு."

யாரும் பாடவில்லை. கூடாரத்தின் கடைசியில், வெயிலில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு லுலாமா நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் நாற்காலி கொடுக்கவில்லை.

"சித்தி" என்றது பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். லிண்டெல்வா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லுங்க சித்தி. அம்மா எதனால செத்தாங்க?"

துமேக்கா இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்து, மாவு ஒட்டிய மாத்திரைகளைப் பெட்டி மேல் வைத்தாள்.

"என்னை மாதிரி ஆயிடுவோமோன்னு பயந்துதான்டி செத்தா" என்றாள்.